சுழி சுத்தம்

எங்கள் லீக்கில் ஆண்டுக்கு 70 பேர் பிறக்கிறார்கள். பிறக்கும்போதே பத்தொன்பதிலிருந்து இருபத்திரண்டு வயது. சராசரியாக ஆறரை அடி உயரம். தாய் தகப்பன் கிடையாது, தொட்டில் கிடையாது, காதுகுத்துக்கு உட்கார மாமன் மடி கிடையாது. பிறந்தவுடன் அவர்களுக்குச் செய்யவேண்டிய ஒரே சடங்கு, ஒன்றிலிருந்து எழுபதுவரை வரிசைப்படுத்துவது. அந்தச் சடங்குக்குப் புரோகிதர் அடியேன்.

விவரம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பேஸ்கட்பால் ஜிஎம் என்று ஒரு கணினி விளையாட்டு இருக்கிறது. ஜெரமி ஷெஃப் என்ற அமெரிக்கர் எழுதியது. காசு கேட்காது, பிரவுசரைத் திறந்தால் போதும். இதில் நாம் பந்தைத் தொடவே மாட்டோம். ஓடுவது, குதிப்பது, கூடைக்குள் போடுவது எல்லாம் கணினி பார்த்துக்கொள்ளும். நமக்கு மேனேஜர் உத்தியோகம். ஆளை எடுக்கலாம், ஆளைக் கழிக்கலாம், சம்பளம் பேசலாம், டிக்கெட்டுக்கு விலை வைக்கலாம். ஒரு முழு சீசன் டீ ஆறுவதற்குள் ஓடி முடிந்துவிடும். அணி தோற்றுக்கொண்டே இருந்தால் முதலாளி நம்மை வேலையைவிட்டுத் தூக்கிவிடுவார். அந்த முதலாளியும் இல்லாத ஆள்தான் என்பதில் ஓர் ஆறுதல்.

மொத்தம் 30 அணிகள். ஆதியில் பாஸ்டன், சிகாகோ என்றுதான் பெயர் இருந்தது. ஊரை நாமே மாற்றிக்கொள்ளலாம் என்று தெரிந்த அன்றே அமெரிக்கா காலி. செல்லூர், தல்லாகுளம், சிம்மக்கல், வில்லாபுரம், அவனியாபுரம், ஆனையூர், திருப்பரங்குன்றம் என்று நகரத்தில் பாதி. மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம், சோழவந்தான், அலங்காநல்லூர் என்று சுற்றுவட்டாரத்தில் மீதி. மக்கள்தொகை கூடின ஊருக்கு வருமானமும் கூடும் என்பது விளையாட்டின் விதி. செல்லூர் பெரிதா, தல்லாகுளம் பெரிதா என்று அன்று ஆரம்பித்த சண்டையில் இரண்டு பேர் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஏழெட்டு அணிகளுக்குத்தான் மனிதர்கள் மேனேஜர்; மற்றவற்றைக் கணினி ஓட்டுகிறது. செல்லூர் ஒரு வங்கி அதிகாரியிடம் இருக்கிறது. தல்லாகுளம், பிளெக்ஸ் டிசைன் போடும் தம்பியிடம். மேலூர், பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றும் ஒரு மெடிக்கல் ரெப்பிடம். வில்லாபுரம் எனக்கு. சிம்மக்கல்லை வைத்திருப்பவர் காளவாசல் பக்கம் ஜெராக்ஸ் கடை நடத்தும் அண்ணன். அவருடைய கணினியில்தான் லீக்கே குடியிருக்கிறது என்பதால் அவரே கமிஷனர். மதுரையில் கமிஷனர் என்றால் தனி மரியாதை உண்டு. சுழல் விளக்கு வைத்த வண்டி இல்லையே தவிர, மற்ற தோரணை எல்லாம் இவரிடமும் இருக்கிறது.

அந்த விளையாட்டில் 'காட் மோட்' என்று ஒரு வசதி உண்டு. அதைப் போட்டால் யார் உயரத்தையும் கூட்டலாம், யார் திறமையையும் குறைக்கலாம், சாட்சாத் பிரம்மா வேலை. அதைத் தொடவே மாட்டேன் என்று கமிஷனர் மீனாட்சி மேல் சத்தியம் செய்திருக்கிறார். இருந்தாலும் சிம்மக்கல் தொடர்ந்து ஜெயிக்கும் நாட்களில் எங்கள் மேனேஜர்கள் குரூப்பில் யாராவது ஒருவர், ஒன்றும் எழுதாமல், கைகூப்பும் பொம்மையை மட்டும் அனுப்பிவைப்பார்.

என் வேலைக்கு வருகிறேன். புதுமுகங்கள் 70 பேர் பிறந்ததும் இரண்டு சுற்று எடுப்பு நடக்கும். 30 அணிகளுக்கு ஆளுக்கு இரண்டு, ஆக 60 பேர். எடுப்புக்கு முந்தைய நாள் நான் ஒரு வரிசை எழுதி குரூப்பில் போடுவேன். யார் முதல், யார் இரண்டாவது, யார் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம், யாரை எடுத்தால் கண்ணை மூட வேண்டியதுதான் என்று விளக்கத்தோடு. யாரும் கேட்டு நான் எழுதவில்லை. எழுதக்கூடாது என்று யாரும் சொல்லாததால் எழுதுகிறேன். தமிழில் பாதி இலக்கியம் இப்படித்தானே உருவாகிறது.

இந்தப் புத்தி எனக்கு நேற்று வந்ததல்ல. என் வயதுக்காரர்கள் எல்லாரும் புத்தகத்தைத் திறந்து பக்க எண்ணின் கடைசி இலக்கத்தை ரன்னாக எடுத்தவர்கள். சைபர் வந்தால் அவுட். சமூகவியல் புத்தகம் ஒன்றில் எங்கள் வகுப்பு ஐந்து டெஸ்ட் தொடர் முழுவதையும் ஆடி முடித்தது. பானிபட் யுத்தப் பக்கத்தில் மட்டும் எத்தனை விக்கெட் விழுந்தது என்று கணக்கில்லை. அப்புறம் டபிள்யூடபிள்யூஎஃப் டிரம்ப் கார்டு. உயரம், எடை, மார்பளவு, ரேங்க் என்று அச்சடித்த அந்த அட்டைகளால்தான் இன்ச்சும் பவுண்டும் எங்களுக்கு அத்துபடியானது. எடை கேட்டால் யோகோசுனாவை அடிக்க ஆளே இல்லை. ரேங்க் கேட்டால் கை நடுங்கும். ஆக, நேரில் பார்த்திராத தடிமனான மனிதர்களை எண்களை வைத்து எடைபோடும் பயிற்சி எங்கள் தலைமுறைக்கு ஆறாம் வகுப்பிலேயே கொடுக்கப்பட்டுவிட்டது.

மதுரைக்கும் பேஸ்கட்பாலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்கன் கல்லூரி 1881-இல் பசுமலையில் தொடங்கியபோது உலகத்தில் பேஸ்கட்பாலே கிடையாது. பத்து வருடம் கழித்து, 1891 டிசம்பரில், மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் குளிருக்குப் பயந்து வெளியே போகமுடியாத மாணவர்களைச் சமாளிக்க ஜேம்ஸ் நெய்ஸ்மித் பீச் பழக் கூடை இரண்டை மாட்டித்தான் ஆட்டத்தையே கண்டுபிடித்தார். அவர் வேலை பார்த்தது ஒய்எம்சிஏ பயிற்சிப் பள்ளியில்; அதே ஒய்எம்சிஏவின் ஹாரி பக் 1920-இல் சென்னையில் உடற்பயிற்சிக் கல்லூரி தொடங்கினார். அங்கே படித்தவர்கள் விசிலும் கையுமாகப் பள்ளிக்கூடங்களுக்கு வந்தார்கள். குளிரில் பிறந்த ஆட்டம் நம் வெயிலுக்கு வந்து சேர்ந்த கதை சுருக்கமாக இதுதான்.

நிஜ ஆட்டம் பார்க்க வேண்டுமென்றால் மே மாதம் பெரியகுளத்துக்குப் பஸ் ஏறவேண்டும். சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அகில இந்தியப் போட்டிக்கு ராணுவம், விமானப்படை, வங்கி அணிகள் எல்லாம் வரும். ராத்திரி விளக்கு வெளிச்சத்தில், மாம்பழ வாசனையில், கேலரியில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தால் பக்கத்தில் இருக்கும் பெரியவர் பந்து கைக்கு வந்த முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுவார்: "அந்த எட்டாம் நம்பரு புதுப் பய. இடது கை வராது அவனுக்கு." பார்த்தால் ஆட்டம் முடியும்வரை அவன் இடது கையால் பந்தைத் தட்டவே மாட்டான். எந்தக் கணினியும் இல்லாமல் இவர்களுக்கு இது எப்படித் தெரிகிறது என்ற ஆற்றாமையும் நான் வரிசை எழுத ஒரு காரணம்.

என் முறை விஞ்ஞானபூர்வமானது. ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் இரண்டு மதிப்பெண் இருக்கும். ஒன்று இன்றைக்கு அவன் என்ன. மற்றது நாளைக்கு என்னவாகக்கூடும். புதுமுகங்கள் பெரும்பாலும் நாற்பதைச் சுற்றித்தான் தொடங்குவார்கள். 70-ஐத் தாண்டினால் நட்சத்திரம். அதற்குக் கீழே உயரம், பலம், வேகம், குதிப்பு, மூச்சு, எறி, தடுப்பு என்று தனித்தனி மதிப்பெண்கள். ஏதாவது ஒன்றில் கைதேர்ந்தவனாக இருந்தால் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் எழுத்து ஒட்டியிருக்கும். தூரத்திலிருந்து எறிபவனுக்கு '3', பந்தைத் தட்டிக்கொண்டு போவதில் கெட்டிக்காரனுக்கு 'பி', கூடையடியில் மறிப்பவனுக்கு 'டிஐ'. புதுமுகத்தின் பெயருக்குப் பக்கத்தில் இந்த எழுத்து இருப்பது அபூர்வம். இருந்தால் என் வரிசையில் அவன் மேலே. இவ்வளவையும் எக்செல்லில் போட்டு, பெருக்கி, வகுத்து, தசமம் இரண்டு இடம்வரை சுத்தமாக எடுத்துவிடுவேன்.

இதில் ஒரே ஒரு சிக்கல். திரையில் தெரியும் மதிப்பெண் உண்மையானது கிடையாது. கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ, வேண்டுமென்றே மங்கலாகத்தான் காட்டும். ஆள் பார்க்கும் இலாகாவுக்குக் காசு கூடுதலாக ஒதுக்கினால் மங்கல் சற்றுக் குறையும். பையன் நாலு சீசன் ஆடினால் இன்னும் தெளியும். எடுக்கும் அன்று மட்டும் தெளிவாகத் தெரியாது. தேர்வுக்குழுவுக்குக் கண் சரியாகத் தெரியாது என்பதை விதியாகவே எழுதிவைத்த விளையாட்டு இது. மற்ற இடங்களில் அதை நாமாகத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் பெரியப்பா வந்து சேர்ந்தார். வாடிப்பட்டிப் பக்கம் அவருக்கு ஊர். பெரியாறு பாசனம், இரண்டு போகம். வாடிவாசலுக்குக் காளை வளர்த்த வீடு. சுற்றுவட்டாரத்தில் யார் மாடு வாங்கப் போனாலும் துணைக்கு அவரைக் கூப்பிட்டுக்கொண்டுதான் போவார்கள். கண்ணில் புரை விழுந்து, மதுரையில் ஆபரேஷன் முடிந்து, கறுப்புக் கண்ணாடியோடு எங்கள் வீட்டில் தங்கினார். குனியக்கூடாது, வெயிலில் போகக்கூடாது, தலையில் தண்ணீர் படக்கூடாது. வாழ்நாளில் சும்மா உட்கார்ந்து பழகாத மனிதர் என்ன செய்வார்? என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"என்னாப்பா இது, வாக்காளர் பட்டியலா?"

விளக்கினேன். 70 பேர், இரண்டு சுற்று, முப்பது அணி. அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "சந்தைன்னு சொல்லு" என்றார்.

மங்கலைப் பற்றிச் சொன்னபோது கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "ஒன் கம்ப்யூட்டருக்கும் புரையா? எனக்கு எடுத்துட்டாய்ங்க. இதுக்கும் காட்டிரு."

அவருடைய முதல் கேள்வியே எனக்குப் புதிது. "இவன் எதுக்கு? ஏருக்கா, வண்டிக்கா, வாடிவாசலுக்கா? எதுக்கு வாங்குறோம்னு தெரியாமப் போனா, தரகன் நம்மளை வித்துட்டுப் போயிருவான்." நான் எக்செல்லைக் காட்டினேன். எந்தக் கட்டத்திலும் அந்தக் கேள்விக்கு இடம் இல்லை.

வயதைப் படித்துக்காட்டச் சொன்னார். பத்தொன்பது வயதுக்காரனை "ரெண்டு பல்லு" என்றார். இருபது என்றால் நாலு பல், இருபத்தொன்று ஆறு பல். இருபத்திரண்டு வயதுக்காரன் பெயர் வந்ததும் "கடை சேந்துருச்சு, தள்ளு" என்றார். மாட்டுக்குப் பால்பல் விழுந்து நிலைப்பல் இரண்டிரண்டாக முளைக்கும், எட்டும் வந்துவிட்டால் வளர்த்தி முடிந்தது என்பது சந்தைக் கணக்கு. என் பட்டியலில் முதல் பத்தில் ஏழு பேர் கடை சேர்ந்தவர்கள். இன்றைய மதிப்பெண் அதிகம் என்று நான் மேலே ஏற்றிவைத்திருந்தேன்.

அடுத்தது சுழி. மாட்டின் உடம்பில் மயிர் சுழித்திருக்கும் இடங்களைப் பார்த்துக் குடியானவன் விலை சொல்லும் சாஸ்திரம் இது. கோபுரச் சுழி இருந்தால் வீடு உயரும். ஏறுபூரான் நல்லது, இறங்குபூரான் ஆகாது. துடைப்பச் சுழி வந்தால் வீட்டையே கூட்டிப் பெருக்கிவிட்டுப் போகும். பெண்டிழந்தான் சுழி உள்ள மாட்டை இலவசமாகக் கொடுத்தாலும் கல்யாணமானவன் வாங்கமாட்டான், ஆகாதவனும் யோசிப்பான். பெயருக்குப் பக்கத்தில் இருந்த சின்ன எழுத்துகள் பெரியப்பாவின் புதுக் கண்ணில் பட்டுவிட்டன.

"இதென்ன, பேருக்குப் பக்கத்துல?"

"அதான் பெரியப்பா விசேஷம். மூணுன்னா தூரத்துல இருந்து போடுவான். பின்னா பந்து கைய விட்டுப் போகாது. நான் இந்த மாதிரி ஆளைத்தான் மேல வைப்பேன்."

"சுழியா?" என்றார். "ரெண்டு சுழி இருக்கே. வேணாம்ப்பா. சுழி சுத்தமா ஒண்ணு பாரு."

அன்று இரவே அவர் தனக்கென்று ஒரு வரிசை சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். அவர் முதலிடத்தில் வைத்தது ஆறடி பத்தங்குலம் உள்ள ஒரு பத்தொன்பது வயதுப் பையனை. இன்றைய மதிப்பு 37. எழுத்து ஒன்றும் கிடையாது. மூச்சு மட்டும் சுமாராக இருந்தது. என் பட்டியலில் அவன் முப்பதுக்குக் கீழே எங்கேயோ கிடந்தான். என்னுடைய முதலாமவன் 50 மதிப்புள்ள இருபத்திரண்டு வயதுக்காரன், இரண்டு எழுத்துக்குச் சொந்தக்காரன். இரண்டு பட்டியலையும் குரூப்பில் போட்டேன், பெரியப்பா பட்டியலை நகைச்சுவைப் பகுதியாக.

அந்த வருட எடுப்பு எதிர்சேவை அன்று வந்து தொலைந்தது. சித்திரைத் திருவிழாவில் அழகர் தல்லாகுளம் வந்திறங்கும் ராத்திரியில் எந்த மதுரைக்காரன் கணினி முன்னால் உட்காருவான்? கமிஷனர் மட்டும் கடையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் கூட்டத்துக்குள் நசுங்கிக்கொண்டே வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார்கள். தல்லாகுளத்துத் தம்பி அனுப்பியதில் பேர் எதுவும் கேட்கவில்லை; "கோவிந்தா" மட்டும் பத்து விநாடிக்குக் கேட்டது. கமிஷனர் மூன்று தடவை கேட்டுப் பார்த்துவிட்டு, பட்டியலில் 'கோ' என்று ஆரம்பிக்கும் பெயரில் ஒருவனை அவனுக்கு எழுதிவிட்டார். பெரியப்பாவின் சுழி சுத்தமான பையனை யாரும் சீண்டவில்லை. இரண்டாம் சுற்றில், கணினி ஓட்டும் வாடிப்பட்டி அணி அவனைத் தூக்கிக்கொண்டு போனது. "எங்கூருக்குத்தானப்பா போயிருக்கான்" என்று பெரியப்பாவுக்கு அதில் ஒரு சந்தோஷம்.

இல்லாத ஊர்ப் பையன்களுக்குக் காலம் வேகமாகப் போகும். நாலு சீசன் கழித்துப் பார்த்தால் அவன் 71. என்னுடைய முதலாமவன் 53-இல் நின்றுவிட்டான். இதற்குச் சாஸ்திரம் தேவையில்லை என்று நான் வாதாடினேன். எழுத்து ஒட்டியிருப்பவன் பெரும்பாலும் வயது முற்றினவன், கற்கவேண்டியதைக் கற்று முடித்தவன். ஒன்றும் இல்லாத பொடியனுக்குத்தான் வளர இடம் இருக்கும், புள்ளியியலில் இதற்கு விளக்கம் இருக்கிறது என்றேன். "அதைத்தானப்பா நானும் சொன்னேன்" என்றார் பெரியப்பா, வெற்றிலையை மடித்துக்கொண்டே.

அதன்பின் அவருக்கு அமெரிக்க நிஜ லீக்கின் எடுப்புக் கதைகளைச் சொல்வது எனக்கு ராத்திரி வேலையாகிவிட்டது. கண் ஆபரேஷன் ஆனவருக்கு டிவியைவிடக் கதை நல்லது. 1984-இல் போர்ட்லேண்ட் அணி இரண்டாவதாக சாம் பூவி என்ற நெட்டையனை எடுத்தது. கல்லூரியிலேயே கால் எலும்பு முறிந்து இரண்டு சீசன் ஆடாமல் இருந்தவர். அவருக்கு அடுத்ததாக, மூன்றாவதாக, சிகாகோ எடுத்த ஆளின் பெயர் மைக்கேல் ஜோர்டன்.

"காலைப் பாக்காமயா வாங்குனாய்ங்க?" பெரியப்பாவுக்குத் தூக்கமே போய்விட்டது. "நடக்கவிட்டுப் பாக்கணும்ப்பா. நாலு தப்படி நடக்கவிட்டா தெரிஞ்சுருமே."

2003-இல் லெப்ரான் ஜேம்ஸ் முதலில் போனதும், இரண்டாவதாக டெட்ராய்ட் அணி டார்கோ மிலிசிச் என்ற பதினெட்டு வயது செர்பியப் பையனை எடுத்த கதையைச் சொன்னேன். ஏழடி. அவருக்குப் பின்னால் போன மூன்று பேரும் பெரிய நட்சத்திரங்கள் ஆனார்கள். இவர் பெஞ்சில் உட்கார்ந்தே பழகினார். இத்தனை வருடமாக அமெரிக்காவில் ஏமாற்றத்துக்கு உதாரணம் சொல்ல அவர் பெயரைத்தான் இழுப்பார்கள்.

"இப்ப என்ன பண்றான்?"

"ஊருக்குப் போய் ஆப்பிள் தோட்டம் போட்டுட்டார் பெரியப்பா."

"தோட்டமா? எத்தனை ஏக்கரு? அவன் தப்பிச்சுட்டான்ப்பா. நல்ல சுழிதான்."

யோகிச் என்ற இன்னொரு செர்பியரின் கதை அவருக்கு ரொம்பப் பிடித்தது. 2014-இல் நாற்பத்தொன்றாவதாக டென்வர் எடுத்தது. அவர் பெயரை அறிவித்தபோது டிவியில் டாகோ பெல் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் செர்பியாவில் தூங்கிக்கொண்டிருந்தார். பிற்பாடு 2021, 2022, 2024 என்று மூன்று முறை லீக்கின் மிகச் சிறந்த வீரர். 2023-இல் கோப்பையை ஜெயித்ததும், வெற்றி ஊர்வலம் வியாழக்கிழமை என்று சொன்னபோது, ஞாயிற்றுக்கிழமை ஊரில் தன் குதிரைக்குப் பந்தயம் இருக்கிறதே என்று முகம் சுளித்தவர்.

"குதிரை வளக்குறவனா!" பெரியப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். "அவனையா நாப்பத்தொண்ணாவதா எடுத்தாய்ங்க? வெளம்பரம் போட்டவனைச் சொல்லணும்."

இந்தியாவில் பிறந்து அந்த எடுப்பில் முதன்முதலாக இடம்பிடித்த சத்னாம் சிங்கைப் பற்றியும் சொன்னேன். பஞ்சாபில் ஒரு கிராமத்து விவசாயி மகன், ஏழடி இரண்டங்குலம். 2015-இல் டல்லஸ் அணி 52-ஆவதாக எடுத்தது. அந்த லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடக் கிடைக்கவில்லை. இப்போது அமெரிக்காவில் தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போய்விட்டார். என் டிரம்ப் கார்டுக் காலத்தில் வந்திருந்தால் உயரத்தில் அந்த அட்டையை வெட்டுவது லேசாக இருந்திருக்காது. பெரியப்பா இதற்கு மட்டும் கருத்துச் சொல்லவில்லை. "வெவசாயி மகன்" என்றதோடு சரி.

இதற்கிடையில் எங்கள் லீக்கில் ஒரு துக்கம் நடந்தது. தல்லாகுளத்துத் தம்பிக்கு அடுத்த எடுப்பில் முதலாவது வாய்ப்பு கிடைத்தது. எடுத்த பையன் என் வரிசையிலும் முதல், பெரியப்பா வரிசையிலும் முதல். இப்படி ஒருமித்த கருத்து எங்கள் குரூப்பில் அதற்குமுன் வந்ததில்லை. தம்பிக்குத் தொழிலே பிளெக்ஸ் என்பதால் அரைமணி நேரத்தில் ஒரு டிசைன் வந்தது. விளையாட்டே வரைந்துகொடுக்கும் அந்தப் பொம்மை முகத்துக்குப் பின்னால் ஒரு சிங்கம், அதற்குப் பின்னால் தீப்பிழம்பு. மேலே 'தல்லாகுளத்தின் தவப்புதல்வனே வருக வருக'. கீழே வரிசையாக, ஸ்டாம்பு சைஸில், எங்கள் எல்லாருடைய முகமும், 'இவண்' என்று. என் படத்தைக் கடைசியில் போட்டிருந்தான். போன வருட வரிசையில் நான் அவனுடைய ஆளைக் கடைசியில் போட்டதற்குப் பதில்.

பேஸ்கட்பால் ஜிஎம்மில் மிக மிக அபூர்வமாக ஓர் ஆட்டக்காரன் செத்தும் போவான். ஆயிரத்தில் ஒருவனுக்குக்கூட வராத அந்த விதி, சீசன் நடுவில் இந்தப் பையனைத் தேடி வந்தது. செய்தி வந்ததும் குரூப்பில் கொஞ்ச நேரம் யாரும் எதுவும் எழுதவில்லை. மெடிக்கல் ரெப் மட்டும் என்ன மருந்து சாப்பிட்டான் என்று விசாரித்தார். தம்பி அதே டிசைனைத் திறந்தான். மஞ்சளைக் கறுப்பாக்கினான், சிங்கத்தை எடுத்துவிட்டுப் புறாவை விட்டான், 'வருக வருக' இருந்த இடத்தில் 'கண்ணீர் அஞ்சலி'. முறைப்படி தேதி போடவேண்டுமே. எங்கள் லீக்கில் அப்போது நடந்துகொண்டிருந்த வருடம் 2063. ஆக, தோற்றம் 2043, மறைவு 2063.

அதைக் கமிஷனர் கடைத் திரையில் பெரிதாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், ஆதார் நகல் எடுக்க வந்த ஒரு அம்மா எட்டிப் பார்த்துவிட்டார்.

"அடப் பாவமே, சின்னப் பையனா இருக்கானே. எப்படி ஆச்சு?"

"தெரியலங்கம்மா. கம்ப்யூட்டர் காரணம் சொல்லல."

"தாய் தகப்பன் இருக்காகளா?"

"இல்லங்கம்மா."

அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு பக்க நகலுக்கு இருபது ரூபாயை வைத்துவிட்டு, பாக்கி வேண்டாம் என்று போய்விட்டார். தேதியை அவர் கவனிக்கவில்லை. கமிஷனர் அந்தக் காசை என்ன செய்வதென்று குரூப்பில் கேட்டார். அடுத்த எடுப்பில் பருத்திப்பால் வாங்குவதென்று தீர்மானம் ஆனது.

பெரியப்பாவுக்குக் கறுப்புக் கண்ணாடி கழன்று வெள்ளைக் கண்ணாடி வந்தது. ஊருக்குக் கிளம்ப வேண்டியவர் கிளம்பவில்லை. அவரை உறுத்திக்கொண்டிருந்த விஷயம் வேறு. "எழுவது பேருல அறுவதுதான போகுது? மிச்சம் பத்து?"

யாரும் சேர்த்துக்கொள்ளாவிட்டால் கொஞ்ச காலத்தில் அவர்களாகவே ஓய்வுபெற்றுவிடுவார்கள் என்றேன்.

"பத்தொம்பது வயசுலயா? அடிமாட்டுக்குப் போறதுன்னு சொல்லு."

மறுநாள் அவரே குரூப்புக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். கணினி ஓட்டிக்கொண்டிருந்த சோழவந்தான் அணி கேட்பாரற்றுக் கடைசியில் கிடந்தது. அதை அவரிடம் கொடுத்துவிட்டார்கள். முதல் காரியமாக, எடுபடாத பத்துப் பேரில் இடம் கொள்கிற வரைக்கும் எல்லாரையும் சேர்த்துக்கொண்டார். ஓர் அணிக்கு 15 பேர்தான் உச்சம் என்று தெரிந்ததும், ஏற்கெனவே இருந்தவர்களில் கடை சேர்ந்த சிலரைக் கழித்தார். சம்பள வரம்பைத் தாண்டிவிட்டதே என்று செல்லூர் வங்கி அதிகாரி விதியைக் காட்டினார். குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வருபவனை வரம்பு தாண்டியும் சேர்க்கலாம் என்று அதே விதியின் அடுத்த வரியைக் கமிஷனர் காட்டினார். சோழவந்தான் எல்லா ஆட்டத்திலும் தோற்றது. பெரியப்பாவுக்குக் கவலையில்லை. "கன்னுக்குட்டிய வாங்கிட்டு மறுநா ஏருல பூட்டுவாகளா?"

அவரிடம் மிச்சமிருந்த பழைய ஆட்டக்காரன் ஒருவன் நல்ல நெட்டை, கூடையடியில் யானை. கோப்பைக்குக் கிட்டத்தில் வந்துவிட்ட வங்கி அதிகாரிக்கு அவன்மேல் ஒரு கண். குரூப்பிலேயே பேசியிருக்கலாம். பெரியப்பா ஒப்பவில்லை, ஆள் நேரில் வரவேண்டும் என்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வங்கி அதிகாரி எங்கள் வீட்டுக்கு வந்தார், கையில் கடலைமிட்டாய் பாக்கெட்டோடு.

மாட்டுச் சந்தையில் விலை பேசுவதுபோலப் பெரியப்பா தோள் துண்டை எடுத்து உதறி, வந்தவர் வலது கையின் மேல் போட்டு, அதற்குள் தன் கையை விட்டார். கோடிக் கணக்கில் கடனுக்குக் கையெழுத்துப் போடுகிற மனிதர் திருதிருவென்று விழித்தார். துண்டு இப்படி அசைந்தது, அப்படி அசைந்தது. பெரியப்பா முகத்தில் ஒன்றும் இல்லை, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் வங்கி அதிகாரி தலையை ஆட்டினார். உள்ளே கை இறுகியது. துண்டு தோளுக்குப் போனது.

"முடிஞ்சதா சார்?" என்று கேட்டேன்.

"முடிஞ்சதுன்னு நினைக்கிறேன். ஐயா ரெண்டு விரலைப் பிடிச்சாங்க. நான் சரின்னேன்."

"வர்ற ரெண்டு வருசத்துக்கு இவரோட மொத எடுப்பு ரெண்டும் நமக்கு" என்று பெரியப்பா எனக்கு விளக்கம் சொன்னார். "கமிசனருக்குப் போன் போடு."

வங்கி அதிகாரிக்கு முகம் வெளுத்தது. இருந்தாலும் கோப்பை கண்ணுக்கு முன்னால் நின்றதால் சமாளித்துக்கொண்டார். நல்ல ஆள்தானே, போனால் போகிறது என்றார். பெரியப்பா கடலைமிட்டாயை உடைத்து ஒரு துண்டை அவரிடமே நீட்டினார்.

"ஆளு நல்ல ஆளுதான், தம்பி. பல்லைப் புடிச்சுப் பாத்தீகளா?"

வங்கி அதிகாரி அவசரமாகச் செல்லைத் திறந்தார். வருகிற சீசனுக்கு அவனுக்கு முப்பத்தைந்து.